புனலில் நின்ற துணி

சூடாக இருக்கும்வரை துத்தநாக ஆக்சைடு மஞ்சள். ஆறினால் வெள்ளை. முதல் தடவை பார்த்தபோது எதையோ கெடுத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். உலையிலிருந்து இடுக்கியால் வெளியே எடுத்த பீங்கான் கிண்ணத்தில் எலுமிச்சை நிறத்தில் ஒரு பொடி. கல்மேடையில் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். விளிம்பு முதலில் வெளுத்தது. வெளுப்பு மெல்ல உள்ளே நகர்ந்தது. நடுவில் பொட்டு அளவு மஞ்சள் கொஞ்ச நேரம் தங்கியிருந்து, அதுவும் போய்விட்டது. எங்கே போயிருக்கும் என்று கிண்ணத்துக்குள் குனிந்து பார்த்தேன்.

"இன்னாடா, சாமி வந்தவன் மாரி நிக்கிற?" என்றாள் பக்கத்து மேடையில் இருந்த அக்கா. கோவளத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருபவள், எனக்கு இரண்டு வருடம் மூத்த ஆராய்ச்சி மாணவி. "கலர் மாறுதுக்கா." "ஆறுனா மாறும். நீ ஆறுனா நீயும் மாறுவ. போய் எடையப் பாரு."

தாம்பரத்தை ஒட்டிய கல்லூரியில் மூன்றாவது மாடியில் இருந்தது எங்கள் ஆய்வகம். ஜன்னலுக்கு வெளியே பயிற்சி விமானங்கள் ஒரே வட்டத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருக்கும். அந்த இரைச்சல் பழகிப் போய், அது நின்றால்தான் தலையைத் தூக்கிப் பார்ப்போம். உலோக ஆக்சைடு பொடி செய்வது எங்கள் வேலை. பொடி செய்வது யாராலும் முடியும். பொடிக்குள் இருக்கும் ஒவ்வொரு துகளும் நாம் நினைத்த வடிவத்தில் வரவேண்டும், அதுதான் பாடு. பெயின்ட்டில் கலந்தால் எப்படிப் பரவும், வெயிலை எப்படித் தடுக்கும் என்பதையெல்லாம் கண்ணுக்குத் தெரியாத அந்த வடிவம் தீர்மானிக்கும்.

அப்பாவிடம் இதைச் சொல்லப் பார்த்தேன். "மூஞ்சிக்குப் போடுவாங்களே, பவுடரு, அதுமாரியா?" என்றார். ஏறக்குறைய அதுதான் என்றேன். "அதுக்கா டாக்டர் பட்டம் குடுக்குறாங்க?" என்று கேட்டுவிட்டு, மறுநாளே எதிர் அடுக்குமாடியின் வாட்ச்மேனிடம், "பையன் பவுடர்ல டாக்டரு" என்று சொல்லிவிட்டார்.

சேலையூரில், டிரான்ஸ்பார்மருக்குப் பக்கத்தில் அப்பாவின் இஸ்திரி வண்டி. அம்மா வீட்டில் பருத்திப் புடவைகளைத் துவைத்து உலர்த்தித் தருவாள், அப்பா தேய்ப்பார். எங்கள் வீட்டில் வகுப்பறைக்குள் போய் உட்கார்ந்த முதல் ஆள் நான். பிறகு எழுந்திருக்கவே இல்லை. பத்தாவது, பன்னிரண்டாவது, பட்டம், மேற்பட்டம், இப்போது இது. எழுந்தால் யாராவது அந்த இடத்தில் உட்கார்ந்துவிடுவார்கள் என்ற பயம் எப்போதும் கொஞ்சம் இருந்தது.

செய்முறை எளிதுதான். துத்தநாக உப்பை வெந்நீரில் கரைத்து, கலங்கல் இல்லாமல் வடிகட்டி, காரத்தைச் சொட்டுச் சொட்டாக விடவேண்டும். நீர் பால்போல் திரளும். அதை ஒரு கனத்த எஃகுக் குடுவையில் ஊற்றி மூடி, மின் அடுப்புக்குள் வைத்துவிட்டுப் போகவேண்டும். அந்தக் குடுவைக்குப் பெரிய பெயர் உண்டு. நாங்கள் குக்கர் என்போம். உள்ளே அழுத்தத்திலும் சூட்டிலும் துகள்கள் வளரும். மறுநாள் திறந்து, கழுவி, உலர்த்தி, உலையில் சுடவேண்டும். வளர்வதை யாரும் பார்க்க முடியாது. அந்த நேரத்தில் நான் வீட்டில் ரசம் ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருப்பேன். கை தட்டில் இருக்கும், மனசு குக்கருக்குள் இருக்கும். கண்ணாடிபோல ஒரு நீர், அதில் எங்கிருந்தோ ஒரு முனை தோன்றுகிறது, அதன்மேல் வந்து வந்து ஒட்டிக்கொள்கிறது எதுவோ.

என் துகள்கள் எல்லாம் குச்சி குச்சியாக வளர்ந்தன. தென்னந்துடைப்பத்தைப் பிரித்துக் கொட்டியதுபோல, ஒன்று நீளம், ஒன்று குட்டை. எனக்கு வேண்டியது உருண்டை. ஒரே அளவு உருண்டை.

மூன்றாவது முறை செய்த அன்று ஃபில்டர் பேப்பர் தீர்ந்திருந்தது. எழுதிக் கொடுத்தால் வர மூன்று வாரம் ஆகும். நான் வீட்டில், பட்டுப்புடவை தேய்க்கும்போது மேலே விரிக்க அம்மா வைத்திருந்த வெள்ளைப் பருத்தித் துணிகளில் ஒன்றை எடுத்து வந்தேன். புதுசு, சுத்தமாக இருந்தது, அதுவே போதும் என்று தோன்றியது. நான்காக மடித்துப் புனலில் வைத்தேன். பேப்பர்போலவே கூம்பாக, கையை எடுத்த பிறகும் அப்படியே நின்றது.

"பாருக்கா, சொன்ன பேச்சு கேக்குது," என்றேன்.

"துணியாவது கேக்கட்டும்," என்றாள் அக்கா.

சூடான கரைசலை அதன் வழியே ஊற்றினேன். வேலை முடிந்ததும் துணியை நன்றாக அலசிக் காயப்போட்டேன்.

துகளைப் பார்க்கும் மின்னணு நுண்ணோக்கி எங்களிடம் இல்லை. அதற்கு நாவலூர்ப் பக்கம் ஓர் ஆய்வுக்கூடத்துக்குப் போகவேண்டும். சட்டைப் பையில் சின்னக் கண்ணாடிக் குப்பி, வண்டலூரில் பஸ் மாறி, ஜன்னல் ஓர இருக்கை. ஏரிகள், பாதி எழும்பிய கட்டடங்கள், மனை விற்பனைக் கொடிகள், மறுபடி ஓர் ஏரி. எனக்கு அந்தப் பயணம் பிடிக்கும். சட்டைப் பையில் இருப்பது கோடானுகோடி. அதில் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை என்று நினைத்துக்கொண்டே தூங்கிப்போவேன்.

அன்று திரையில் படம் தெளிந்தபோது இயந்திரத்தை ஓட்டும் அண்ணா, "இது உன்னுதுதானா?" என்றார். கடுகைக் கொட்டியதுபோல உருண்டை உருண்டையாக. திரையின் எந்த மூலைக்குப் போனாலும் கடுகு. மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

என் வழிகாட்டி மேடம் அதிகம் பாராட்டுகிறவர் இல்லை. அவர் படத்தைப் பார்த்தார், பொடியைக் கேட்டார், புற ஊதாக்கதிர் விளக்கு உள்ள கறுப்புப் பெட்டிக்குள் குப்பியை வைத்து எட்டிப் பார்த்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். இருட்டுக்குள் பொடி இளம்பச்சையாக ஒளிர்ந்துகொண்டிருந்தது. வெயில் படும் குளத்துக்குள் முங்கிக் கண்ணைத் திறந்தால் தெரியும் பச்சை.

"அழகா இருக்கு மேடம்."

"அழகு இல்ல, டிஃபெக்ட். உள்ள ஆக்சிஜன் இருக்கவேண்டிய சில இடம் காலியா இருக்கு. குச்சி வந்தப்ப இவ்ளோ பச்சை இல்லையே. ஏன்னு யோசி."

நான் யோசிக்கவில்லை. தாம்பரம் வரும் மின்ரயிலில் நெரிசலுக்கு நடுவே எப்போதாவது ஓர் இருக்கை காலியாக இருக்கும். யாரோ எதையோ கொட்டியிருப்பார்கள். அதைச் சுற்றி நிற்கிறவர்கள் எல்லாம் கொஞ்சம் சாய்ந்து, கொஞ்சம் விலகி நிற்பார்கள். துகளுக்குள் அப்படி ஒரு காலி இருக்கை, அதிலிருந்து வரும் பச்சை. இப்படி மிதந்துகொண்டிருந்தேனே தவிர, ஏன் என்று கேட்கவில்லை.

அடுத்த வாரமே ஆண்டு ஆய்வுக்குழு. வெளியிலிருந்து வரும் மூன்று பேராசிரியர்கள் முன்னால் அந்த வருட வேலையைச் சொல்லவேண்டும். அவர்களில் ஒருவர் பெண். மொறமொறப்பான நீலப் பருத்திப் புடவை, கத்திபோல மடிப்பு. நல்ல கஞ்சி என்று என் மண்டையின் ஏதோ ஒரு மூலை சொன்னது. பிறந்ததிலிருந்து புடவை பார்க்கும் கண், அது தன்பாட்டுக்குப் பார்க்கும்.

அவர்தான் கேட்டார்: "ரெண்டு தடவை குச்சி, மூணாவது தடவை உருண்டை. என்ன மாத்துனீங்க?"

நான் அன்று வெப்பத்தைக் கொஞ்சம் மெதுவாக ஏற்றியிருந்தேன். அது உண்மை. "வெப்பநிலையை மெதுவா ஏத்தினேன் மேடம், அதனாலதான்," என்றேன். அந்த 'அதனாலதான்' எனக்குத் தெரியாது. ஆனால் மூன்று பேரும் தலையாட்டினார்கள், ஒருவர் எழுதிக்கொண்டார். எனக்கு உடம்பெல்லாம் இனித்தது.

வெளியே வந்ததும் என் மேடம் சொன்னார்: "நல்லது. இன்னும் மூணு தடவை அதே மாதிரி வரணும். வந்தாதான் தீசிஸ்ல ஒரு சாப்டர். வரலைன்னா அடுத்த ரிவ்யூல நானே எடுத்துடுவேன். அப்புறம் முதல்லேருந்து ஒரு வருஷம்."

வரவில்லை.

வெப்பத்தை மெதுவாக ஏற்றினேன். இன்னும் மெதுவாக ஏற்றினேன். குச்சி. காரத்தின் அளவைக் குறைத்தேன், குட்டைக் குச்சி. மாதக்கணக்கில் குச்சியாகவே வந்தது. ஒவ்வொரு முறை குக்கரைத் திறக்கும்போதும் உள்ளே இருக்கும் வெள்ளை ஒரே வெள்ளைதான். நாவலூர் போய்ப் பார்த்தால்தான் தெரியும். பிறகு போகாமலே தெரிய ஆரம்பித்தது. கறுப்புப் பெட்டியில் வைத்தால் பச்சை இருக்காது. துணி மட்டும் புனலுக்குள் தொய்ந்து தொய்ந்து விழும். ஓரத்தில் கிளிப் மாட்டி நிறுத்துவேன். ஃபில்டர் பேப்பர் வந்த பிறகும் அந்தத் துணியையே பயன்படுத்தினேன். ராசியான துணி என்று நினைத்தேன். பொடியில் டாக்டர் ஆகப் போகிறவன் இப்படி நினைத்தான் என்பதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

"மச்சான், ஒண்ணு சொல்றேன்," என்றாள் அக்கா ஒருநாள். கேலி செய்யும்போது மட்டும் என்னை மச்சான் என்பாள். "அந்த மூணாவது பொடி இன்னும் கீதுல்ல? அதையே மூணு குப்பில போடு. மூணு மூலைல மூணு படம் புடி. கடுகு கடுகு மாரிதான் இருக்கும். எந்தக் கடுகு எந்த மூட்டைன்னு எவன் கேப்பான்?"

"சும்மா இருக்கா."

"சும்மாதான் சொன்னேன்டா."

அவள் சும்மாதான் சொன்னாள். நான் சும்மா கேட்கவில்லை. ரிவ்யூவுக்கு ஒரு மாதம் இருந்தபோது பழைய பொடியை மூன்று புதுக் குப்பிகளில் பிரித்துப் போட்டு, மேலே பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று என்று எண் எழுதி ஒட்டினேன். பஸ்ஸில் அன்று தூக்கம் வரவில்லை. மனை விற்பனைக் கொடிகளை எண்ணிக்கொண்டு வந்தேன்.

இயந்திரத்துக்குள் குப்பியிலிருந்து ஒரு சிட்டிகை போனது. திரையில் கடுகு. அண்ணா சிரித்தார். "வந்துருச்சுப்பா! என்ன நம்பர் போடட்டும்?" படத்துக்குக் கீழே எண்ணைத் தட்டச்சு செய்ய அவர் விரல்கள் காத்திருந்தன.

"மூணுண்ணா."

"குப்பில பதினொண்ணுன்னு இருக்கே."

"தப்பா ஒட்டிட்டேன். அது பழசு. மூணுதான்."

ஏன் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை. நல்லவன் என்பதால் இல்லை. நல்லவன் குப்பியில் பதினொன்று எழுதியிருக்க மாட்டான். திரையில் அந்த உருண்டைகள் அவ்வளவு அமைதியாக இருந்தன. அவை ஏன் அப்படி இருக்கின்றன என்று எனக்குத் தெரியாது என்பதும், வேறு எண் போட்டுவிட்டால் இனி எப்போதும் தெரியாது என்பதும் அந்த ஒரு நொடியில் சேர்ந்தே வந்தன.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோயிருந்தேன். எதிர் அடுக்குமாடியின் இரண்டாவது மாடியில் இருக்கும் டீச்சர் ஒருவர், கையில் தேய்த்த புடவையோடு அப்பாவிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

"பாருங்க, தொங்குது. கட்டினா நிக்கவே மாட்டேங்குது. போன தடவை பேப்பர் மாதிரி நின்னுச்சே?"

"ஒரு தண்ணி நனைஞ்சிட்டாலே கஞ்சி போய்டும்மா. நீங்க மழைல நனைச்சிகினு வந்துருப்பீங்க."

"நனையலை! உங்க வீட்டம்மா கஞ்சியே போடலை."

பேப்பர் மாதிரி நின்றது. ஒரு தண்ணீரில் போய்விடும். நான் டிபன் கேரியரை வண்டியின் மேல் வைத்தேன். கரி போட்ட இஸ்திரிப் பெட்டிக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டேன் போல, அப்பா கத்தினார். அதற்குள் நான் பாதித் தெரு போயிருந்தேன்.

"ம்மா, பட்டுக்கு மேல போடுற துணி, அதுக்குக் கஞ்சி போடுவியா?"

அம்மா முதுகைக் காட்டிக்கொண்டு புடவை அலசிக்கொண்டிருந்தாள். "எந்தத் துணி? ஒண்ணக் காணோம்னு வருஷமா தேடிகினுகீறேன். நீயா எடுத்த?"

"போடுவியா?"

"வாளில மிச்சம் கீற கஞ்சில அதையும் முக்கி எடுப்பேன். வெறப்பா இருந்தாதான் பட்டு மேல சுருங்காம படுக்கும். இன்னாத்துக்குடா?"

துணியில் காய்ந்திருந்த கஞ்சி, நான் ஊற்றிய சூடான கரைசலில் இறங்கியிருக்கிறது. குச்சியாக நீளவேண்டிய துகளின் முனைகளில் போய் ஒட்டி, நீளவிடாமல் பிடித்துவைத்திருக்கிறது. எல்லாப் பக்கமும் சமமாக வளர்ந்து உருண்டிருக்கிறது. வேலை முடிந்ததும் நான் நன்றாக அலசிக் காயப்போட்டேனே, அப்போதே கஞ்சி சாக்கடைக்குப் போய்விட்டது. அதற்கப்புறம் இத்தனை மாதமும் நான் வெறும் துணியைக் கும்பிட்டுக்கொண்டிருந்தேன்.

உடனே நம்பிவிடக்கூடாது என்று இந்தத் தடவை தோன்றியது. அம்மாவின் கஞ்சியில் ஜவ்வரிசி இருந்தது, ஒரு சிட்டிகை உப்பு இருந்தது, வெளுப்புக்கு நீலமும் இருந்தது. திங்கட்கிழமை தனித்தனிக் குடுவையில் ஒன்றில் ஜவ்வரிசி, ஒன்றில் உப்பு, ஒன்றில் நீலம், ஒன்றில் எதுவும் இல்லாமல் வைத்தேன். ஜவ்வரிசி மட்டும் உருண்டை கொடுத்தது. ஆனால் பெரிசும் சிறிசுமாக. அம்மாவைக் கேட்டால் ஒரு நாள் கெட்டி, ஒரு நாள் தண்ணி, அன்றைக்கு எத்தனை புடவையோ அப்படி என்றாள். அதனால் ஆய்வக அலமாரியிலிருந்த மாவுச்சத்து பாட்டிலை எடுத்து, எடைபோட்டுக் காய்ச்சி, அளந்து விட்டேன். கடுகு. மறுபடியும் செய்தேன். கடுகு. இன்னொரு முறையும். நாவலூர் அண்ணா ஒவ்வொரு எண்ணையும் என்னிடம் இரண்டு தடவை கேட்டுத்தான் தட்டினார்.

பச்சையும் கூடவே வந்தது. உலையில் சுடும்போது கஞ்சி எரிகிறது. எரிய ஆக்சிஜன் வேண்டும். காற்று போதாத இடத்தில் துகளிடமிருந்தே பிடுங்கிக்கொள்கிறது. வடிவத்தைக் கொடுத்தது எதுவோ அதுதான் போகும்போது காலி இடத்தையும் விட்டுப் போனது. மூடியைத் திறந்துவைத்து, காற்று நன்றாகப் படும்படி நீண்ட நேரம் மெதுவாகச் சுட்டுப் பார்த்தேன். பச்சை மங்கியது. முழுவதும் போகவில்லை. இன்னும் நேரம் சுட்டால் உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்கின. கறுப்புப் பெட்டிக்குள் முகத்தை வைத்து அந்த மங்கல் பச்சையைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். அக்கா பின்னாலிருந்து முதுகில் தட்டி, "வூட்டுக்குப் போடா, உள்ள பூந்துடப் போற," என்பாள்.

என் மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். துணியை, போன வருடம் குழுவிடம் சொன்னதை, குப்பியில் ஒட்டிய எண்களையும். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "குப்பி விஷயம் இனிமே நடக்கக் கூடாது," என்றார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "மத்ததை நான் சொல்லமாட்டேன். அங்க நீதான் சொல்லணும்," என்றார்.

ரிவ்யூ அன்று அதே அறை, அதே மூன்று பேர். ஜன்னலுக்கு வெளியே விமானம் வட்டமடித்துக்கொண்டிருந்தது. அந்தப் பேராசிரியை இந்தத் தடவை கைத்தறிப் புடவை, அதே கத்தி மடிப்பு. நான் நான்கு படங்களையும் வரிசையாகப் போட்டேன்.

"ஆக, வெப்பத்தை மெதுவா ஏத்தினதுதான் காரணம்," என்றார் அவர், பழைய குறிப்பைப் பார்த்துக்கொண்டே.

"இல்ல மேடம். போன வருஷம் நான் சொன்னது தப்பு. தெரியாம தெரிஞ்ச மாதிரி சொல்லிட்டேன். காரணம் கஞ்சி."

விமானச் சத்தம் தூரமாகப் போனது. ஓரத்தில் இருந்த பேராசிரியர், "கஞ்சின்னா?" என்றார்.

"துணிக்குப் போடுற கஞ்சி சார். ஃபில்டர் பேப்பர் இல்லன்னு வீட்லேருந்து துணி எடுத்துட்டு வந்தேன். அப்பா இஸ்திரி வண்டி வெச்சிருக்கார். அம்மா அந்தத் துணிக்குக் கஞ்சி போட்டிருந்தாங்க. எனக்குத் தெரியாது."

அவர் பக்கென்று சிரித்துவிட்டார். கெட்ட சிரிப்பு இல்லை. எனக்குக் காது சூடானது. என் மேடம் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பேராசிரியை சிரிக்கவில்லை. அவருடைய வலது கை தன்பாட்டுக்குத் தோளுக்குப் போய், முந்தானையின் ஓரத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து மெல்லத் தேய்த்துப் பார்த்தது. பழைய குறிப்பில் ஒரு வரியைக் குறுக்கே அடித்தார்.

"எவ்வளவு கஞ்சி?" என்று கேட்டார்.

சொன்னேன். அந்த எண் என்னிடம் இருந்தது. எழுதிக்கொண்டார்.

"கஞ்சி எரிஞ்சா உள்ள காலி இடம் விழுமே. பச்சை வருதா?"

"வருது மேடம். குறைச்சிருக்கேன். இன்னும் கொஞ்சம் இருக்கு."

"இங்க கொண்டு வந்திருக்கீங்களா?"

சட்டைப் பையிலிருந்து குப்பியையும், தோள்பையிலிருந்து சின்னப் புற ஊதாக்கதிர் விளக்கையும் எடுத்தேன். நாற்காலியைத் தள்ளிக்கொண்டு அவர் எழுந்து போய், ஜன்னல் திரையை இழுத்து மூடினார்.